நாலு வாரம் ஆஸ்பத்திரியில் படிக்க பிசினஸ் விசாவா?

பிசினஸ் விசா என்றதும் திருப்பூர் பனியனுக்கு ஆர்டர் பிடிக்கப் போகும் ஆசாமிதான் நமக்கு ஞாபகம் வருவார். எம்.பி.பி.எஸ். கடைசி வருஷம் படிக்கும் பொண்ணுக்கும் அதே விசாதான் என்றால்? என் அக்கா மகளுக்கு அமெரிக்காவில் ஒரு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நாலு வாரம் ‘எலெக்டிவ்’ செய்ய இடம் கிடைத்தது. எந்த விசா என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. "மாமா, நீங்கதான் எதையாவது தோண்டிப் படிச்சிட்டே இருப்பீங்களே, இதையும் படிங்க" என்று என் தலையில் கட்டிவிட்டாள்.

பி-1 என்பதில் ‘பிசினஸ்’ என்ற சொல்லுக்கு வியாபாரம் என்று மட்டும் பொருள் இல்லை. அமெரிக்காவில் யாரிடமும் சம்பளம் வாங்காமல், தொழில் சம்பந்தமாகக் கொஞ்ச நாள் போய் வருவது எல்லாம் அதில் அடக்கம். மாநாடு, ஒப்பந்தப் பேச்சு, சொந்த ஆராய்ச்சி இப்படி. அந்த நாட்டு வெளியுறவுத் துறை தன் விசா அதிகாரிகளுக்கு ஒரு கையேடு வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம். அதில் மருத்துவ மாணவர்களுக்கென்றே ஒரு சின்னப் பத்தி இருக்கு. வெளிநாட்டு மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர், அமெரிக்க மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில், அங்குள்ள ஆசிரிய மருத்துவர்களின் மேற்பார்வையில், தன் சொந்தக் கல்லூரி ஒப்புக்கொண்ட படிப்பின் ஒரு பகுதியாக, ஆஸ்பத்திரியிடம் சம்பளம் வாங்காமல் ‘எலெக்டிவ் கிளர்க்‌ஷிப்’ செய்யலாம். அதற்கு பி-1 போதும்.

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கு. தெரிந்த டாக்டர் நடத்தும் தனியார் கிளினிக்கில் நோயாளியைத் தொட்டுப் பார்த்துக் கத்துக்கறது இந்தப் பத்திக்குள் வராது. பட்டம் வாங்கிய பிறகு செய்யும் ரெசிடென்சியும் வராது. அதற்குப் பெரும்பாலும் ஜே-1. என்ஜினியரிங் மாணவர் ஒரு கம்பெனியில் போய் வேலை பழகுவதற்கும் வழக்கமான வழி ஜே-1தான். "சம்பளம் இல்லையே, அப்ப பி-1 போதுமே" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. இந்தச் சலுகை மருத்துவ மாணவருக்கு மட்டும் தனியாகக் கொடுத்தது.

பெரிய வில்லங்கம் ‘இன்டர்ன்ஷிப்’ என்ற வார்த்தையில்தான். நம்ம ஊரில் ஹவுஸ் சர்ஜன் வேலையை அப்படிச் சொல்கிறோம். அமெரிக்காவில் ‘இன்டர்ன்’ என்றால் சம்பளம் வாங்கும் முதல் வருட ரெசிடென்ட். கவுன்ட்டரில் இந்தச் சொல்லைச் சொன்னால் அதிகாரி காதில் ‘வேலை’ என்றுதான் விழும். கடிதத்தில் என்ன பெயர் இருக்கோ அதையே சொல்ல வேண்டும்.

இதற்கு நடுவில் ஒரு ஏஜென்ட் கொடுத்த யோசனை: "டூரிஸ்ட்னு போட்டுடுங்க, கேள்வியே கேக்க மாட்டாங்க." இதைவிட ஆபத்தான அறிவுரை கிடையாது. விசாவுக்காக முக்கியமான விஷயத்தில் பொய் சொன்னது தெரிந்தால், அமெரிக்கச் சட்டப்படி ஆயுள் முழுக்க நுழைவுத் தடை வரலாம். பின்னாளில் அங்கேயே ரெசிடென்சிக்குப் போக ஆசைப்படும் பொண்ணு, நாலு வாரத்துக்காக அதைப் பணயம் வைப்பதா?

கையில் வேண்டியது இரண்டு கடிதங்கள். ஒன்று அங்கிருந்து: தேதி, துறை, மேற்பார்வை, சம்பளம் இல்லை என்ற விவரம். இன்னொன்று இங்கே டீனிடமிருந்து: இவர் எங்கள் மாணவி, இந்தப் பயிற்சிக்கு எங்கள் ஒப்புதல் உண்டு, இந்தத் தேதிக்குத் திரும்பி வந்து படிப்பைத் தொடர்வார். இரண்டாவதை எல்லோரும் அலட்சியம் பண்றாங்க. அதுதான் முக்கியம் என்பேன்.

ஏன்? விண்ணப்பிக்கும் ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிட வருகிறார் என்றே 214(பி) என்ற பிரிவு எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று காட்டுவது நம்ம பொறுப்பு. நிலப்பத்திரத்தையும் நகை மதிப்பீட்டையும் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு. மாணவிக்கு அதைவிட வலுவான ஆதாரம், முடியாத படிப்பு. இங்கே ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜனாக இருக்காமல் டாக்டராக நிரந்தரப் பதிவு கிடைக்காது. திரும்பி வர இதைவிடக் காரணம் வேண்டுமா! இந்தப் பிரிவில் மறுத்தால் அப்பீல் கிடையாது. மறுபடியும் பணம் கட்டி முதலில் இருந்து ஆரம்பிக்கணும்.

மற்றதெல்லாம் வழக்கமான சடங்கு. டிஎஸ்-160 படிவம், 185 டாலர் கட்டணம் (2023 ஜூனிலிருந்து, திரும்பி வராது), ஒரு நாள் கைரேகை, இன்னொரு நாள் தூதரகத்தில் நேர்காணல். ஐந்து வருட சமூக ஊடகக் கணக்குகளின் பெயரையும் படிவம் கேட்கும். நேர்காணல் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். கொண்டுபோன ஃபைலை அவர்கள் திறக்காமலும் போகலாம். அதனால் நாலு வாரம், எந்த ஆஸ்பத்திரி, செலவு யாருடையது என்று தடுமாறாமல் வாயால் சொல்லத் தெரியணும்.

அந்த இரண்டு கடிதங்களையும் செக்-இன் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைக்கச் சொன்னேன். நம்மவர்களுக்குப் பெரும்பாலும் பி-1, பி-2 இரண்டும் சேர்ந்த பத்து வருட விசாவாகத்தான் ஒட்டித் தருகிறார்கள். ஆனால் இந்த முறை எந்த வகையில், எத்தனை நாள் என்பதை முடிவு செய்வது விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரி. அது ஐ-94 என்ற மின்பதிவில் ஏறும். இறங்கியதும் இணையத்தில் அதைப் பார்த்து, பி-1 என்றுதான் பதிந்திருக்கா, கடைசித் தேதி பயிற்சி முடிவதற்குப் பிறகுதானா என்று சரிபார்த்துவிட்டு எனக்கு மெசேஜ் போடச் சொல்லியிருக்கேன்.