ஐயமும் ஈமானும்: நவீனச் சூழலில் தமிழ் முஸ்லிம் அறிவாளரின் நம்பிக்கைப் பேணல் முயற்சிகள்

முன்னுரை

சமய நம்பிக்கையில் தளர்ச்சி ஏற்படுவது நவீன காலத்திற்கு மட்டுமே உரியதன்று. ஆயினும் முற்காலத்தில் நம்பிக்கை பிறப்போடும் ஊரோடும் இணைந்து வந்தது. நவீனச் சமூகத்திலோ அது பல தெரிவுகளுள் ஒன்றாக மாறியது. மெய்யியலறிஞர் சார்லஸ் டெய்லர் 2007இல் வெளியிட்ட நூலில் மேலைச் சமூகத்தை முன்னிறுத்தி இம்மாற்றத்தை விரிவாக விளக்குகிறார். ஆங்கிலக் கல்வி, அச்சு ஊடகம், பகுத்தறிவு இயக்கம் ஆகியவற்றின் வழியே இதே மாற்றத்தைத் தமிழ் பேசும் முஸ்லிம்களும் எதிர்கொண்டனர். நம்பிக்கை தளர்வோருக்குத் துணைநிற்க அச்சமூகத்து அறிவாளர் மேற்கொண்ட முயற்சிகளையும் அவற்றின் எல்லைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. நவீனக் கல்வியைக் காட்டிலும், கேள்விக்கு இடம் மறுத்த சூழலே தளர்ச்சிக்கு மிகுந்த காரணம் என அவர்கள் கண்டனர் என்பது இதன் கருதுகோளாகும்.

இஸ்லாமிய மரபில் ஐயத்தின் இடம்

அரபு மரபில் ஐயம் ‘ஷக்’ எனவும், ஐயம் நீங்கிய உறுதி ‘யகீன்’ எனவும் வழங்கப்பெறும். இமாம் கஸ்ஸாலி (1058–1111) தம் ஆன்மிக வரலாற்றைக் கூறும் நூலில், புலனறிவையும் பகுத்தறிவையும் நம்ப இயலாத நிலையில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தவித்ததை வெளிப்படையாகப் பதிவு செய்துள்ளார். அவர் அதனை ஒரு நோயாகவே காண்கிறார். எனினும் அதனை மறைக்கவில்லை. பிற்காலத்தார் பெரிதும் போற்றிய ஓர் அறிஞரே இவ்வாறு எழுதியிருத்தலால், ஐயுறுதலை நம்பிக்கைத் துரோகமாக மட்டுமே கொள்ளும் பார்வை மரபின் முழுமையான குரலன்று என்பது பெறப்படுகிறது. தமிழ்ச் சூழலில் நிகழ்ந்த முயற்சிகளை மதிப்பிட இது ஓர் அளவுகோலாக அமைகிறது.

புதுவைக் கரையும் 1881ஆம் ஆண்டு ஆணையும்

வீராம்பட்டினத்தை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நிகழ்த்திய அகழாய்வு, இக்கரை உரோமானிய வணிகத்தோடு கொண்டிருந்த தொடர்பைத் தெளிவாக்கியது. பிற்காலத்தில் இதே சோழமண்டலக் கரையில் கடல் வணிகத்தின் வழியே இஸ்லாமும் வேரூன்றியது. பரங்கிப்பேட்டை, காரைக்கால், நாகூர் முதலிய ஊர்கள் அதற்குச் சான்றாகும். பண்டங்களோடு கருத்துகளும் வந்திறங்கிய கரையாதலின், நவீனத்தின் கேள்வியும் இங்கு முன்னதாகவே எழுந்தது.

பிரெஞ்சு அரசு 1881 செப்டம்பர் 21இல் பிறப்பித்த ஆணை அக்கேள்விக்குச் சட்ட வடிவம் தந்தது. சமய, சாதி வழக்கங்களின்பாற்பட்ட தனிநிலைச் சட்டத்தைத் துறப்போர் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தின்கீழ் வரலாம் என்பதே அவ்வாணையின் சாரம். கிறித்தவர் பலர் இதனை ஏற்றனர். முஸ்லிம்கள் பெரும்பாலும் விலகியே நின்றனர். வழிபாட்டைக் கைவிடுமாறு ஆணை கேட்கவில்லை. ஆயினும் மணம், வாரிசுரிமை ஆகியவற்றைச் சமய நெறியோடு பிணைத்து வாழ்ந்தோருக்கு, ஒன்றைப் பெற மற்றொன்றை விடவேண்டும் என்ற நிலையையே அது முன்வைத்தது. இந்த ‘இதுவா அதுவா’ என்னும் கட்டமைப்பை மறுத்த குரல், மறு ஆண்டிலேயே பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழில் எழுந்தது.

சித்திலெப்பை: கல்வி வழியிலான துணை

கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் மு.கா. சித்திலெப்பை (1838–1898) 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார். அக்காலத்து இலங்கையில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறித்தவ மிஷன் பள்ளிகளின் வழியே கிடைத்தது. பிள்ளைகள் மதம் மாறிவிடுவர் என அஞ்சிய முஸ்லிம் பெற்றோர் அவர்களைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கினர். இவ்வச்சம் சமயத்தைக் காக்கவில்லை. சமூகத்தை அறியாமையில் நிறுத்தியது என்பது சித்திலெப்பையின் நோக்கு. மார்க்கக் கல்வியும் நவீனக் கல்வியும் ஒரே கூரையின்கீழ் அமையவேண்டும் என்பது அவர் கண்ட தீர்வு. 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்ட எகிப்தியத் தலைவர் ஒராபி பாஷாவின் ஊக்கமும், வாப்பிச்சி மரைக்காரின் உழைப்பும் இணைந்ததால் 1892இல் கொழும்பில் உருவான ஸாஹிராக் கல்லூரி இச்சிந்தனையின் பயனாகும். பெண் கல்விக்கும் அவர் பாடுபட்டார்.

அவர் 1885இல் வெளியிட்ட ‘அசன்பே சரித்திரம்’ தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்று. ஆங்கிலக் கல்வி பெற்றும் மார்க்கத்தில் நிலைகொண்ட இளைஞன் ஒருவனை அது தலைமைப் பாத்திரமாக்குகிறது. கட்டுரையில் வாதமாகக் கூறியதைக் கதையில் வாழ்வாகக் காட்டுவதே அவர் கையாண்ட உத்தி. நவீனத்தையும் நம்பிக்கையையும் ஒருங்கே பெற்ற மனிதனைக் கற்பனை செய்ய இயலும் என வாசகனுக்கு உணர்த்தியது இந்நாவலின் சமூகப் பணியாகும்.

தாவூத்ஷா: மொழி வழியிலான துணை

சித்திலெப்பை பள்ளி இல்லாத குறையைக் கண்டார் எனில், பா. தாவூத்ஷா (1885–1969) பொருள் விளங்காத குறையைக் கண்டார். பொருளறியாமல் ஓதப்படும் மறை, கற்ற இளைஞனின் கேள்விக்கு விடைதர இயலாது என்பது அவர்தம் ‘தாருல் இஸ்லாம்’ இதழின் அடிப்படை நிலைப்பாடு. எனவே குர்ஆனின் பொருளையும் மார்க்க விளக்கங்களையும் நல்ல தமிழில் எழுதினார். மூடவழக்கங்களைக் கண்டித்தார். அறிவுக்குப் பொருந்தும் சமயமாக இஸ்லாத்தை விளக்கினார். சுயமரியாதை இயக்கம் எல்லாச் சமயங்களையும் கேள்விக்கு உட்படுத்திய காலத்தில் இவ்விளக்கமுறை முஸ்லிம் இளைஞருக்குத் தற்காப்பாகவும் தன்னம்பிக்கையாகவும் அமைந்தது. ஆ.கா. அப்துல் ஹமீது பாகவியின் குர்ஆன் தமிழாக்கம் 1940களில் நிறைவெய்தியதும் இதே தேவையின் விளைவாகும். பாகவி மரபுவழி மதரசாக் கல்வி பெற்றவர். தாவூத்ஷா ஆங்கிலக் கல்வி பெற்ற பட்டதாரி. இருவேறு பின்புலத்தினரும் தாய்மொழியே நம்பிக்கையின் வாயில் எனக் கண்டமை கருதத்தக்கது.

ஆயினும் தாவூத்ஷாவின் விளக்கங்கள் உலமாக்கள் சிலரின் கடும் எதிர்ப்புக்கு உள்ளாயின. ஐயத்தைப் போக்க வந்தவரே ஐயத்திற்குரியவராகக் கருதப்பட்டமை இவ்வரலாற்றின் முரணாகும்.

படைப்பிலக்கியம் காட்டும் மற்றொரு முகம்

மேற்கண்ட இருவரும் நம்பிக்கைத் தளர்ச்சியை அறிவின் குறையாகக் கருதினர். அறிவை வழங்கினால் தளர்ச்சி நீங்கும் என நம்பினர். ஐயுறுபவனின் அகத்தை அவர்களின் எழுத்தில் காண்பது அரிது. அவ்விடைவெளியைப் பிற்காலப் புனைவு நிரப்புகிறது. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988) ஆங்கிலப் பள்ளியை எதிர்க்கும் ஊர் முதலாளியைக் காட்டுகிறது. சமயத்தின் பெயரால் அவர் காப்பது தம் அதிகாரத்தையே. மக்களின் பக்தியைச் சுரண்டும் தங்ஙள் பாத்திரமும் அவ்வாறே அமைந்துள்ளது. நம்பிக்கையைச் சிதைப்பது வெளியிலிருந்து வரும் கல்வி மட்டுமன்று. உள்ளிருக்கும் வஞ்சனையும் ஆகும் என்பதை நாவல் வாதமின்றி உணர்த்துகிறது.

முயற்சிகளின் எல்லை

தக்கலையைச் சேர்ந்த கவிஞர் ஹெச்.ஜி. ரசூல் தம் எழுத்துக்காக 2007இல் ஊர்விலக்கத்திற்கு உள்ளானார். இஸ்லாத்திற்குள் நின்றே மாற்று வாசிப்பை முன்வைத்தவர் அவர். 2017இல் கோயம்புத்தூரில் இறைமறுப்புக் கருத்துகளை வெளியிட்ட முஸ்லிம் குடும்பத்து இளைஞர் ஒருவர் கொலையுண்டார். இவ்விரு நிகழ்வுகளும் ஒரே தன்மையின அல்ல. ஒன்று சமூக ஒறுப்பு, மற்றொன்று கொடுங்குற்றம். எனினும் கேள்வி எழுப்புபவனுக்கு விளக்கத்தின் இடத்தில் விலக்கம் கிடைக்கும்போது, சித்திலெப்பையும் தாவூத்ஷாவும் தொடங்கிய உரையாடல் அறுபடுகிறது என்பதை இரண்டும் காட்டுகின்றன. அச்சத்தால் வாய்மூடியவனை நம்பிக்கையாளன் எனக் கணக்கிடலாம். அவனிடம் யகீன் பிறந்ததாகக் கொள்ள இயலாது.

முடிவுரை

தமிழ் முஸ்லிம் அறிவாளர் நம்பிக்கை தளர்வோருக்குப் பள்ளி வழியாகவும் மொழி வழியாகவும் துணைநின்றனர். படைப்பாளர் தளர்ச்சியின் உட்காரணங்களைக் காட்டினர். முன்னைய இரண்டும் விடைகளை அளித்தன. மூன்றாவது, கேட்கும் மனிதனைக் காணச் செய்தது. விடை அளிப்பதற்கு முன் கேள்வியை அச்சமின்றிக் கேட்கவிடும் சூழல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவாகும். கஸ்ஸாலி தம் ஐயத்தை எழுத முடிந்தது. அதனைத் தம் குடும்பத்திலும் ஜமாஅத்திலும் வாய்விட்டுக் கூறும் இடம் இன்றைய இளைஞனுக்கு உண்டா என்பதைப் பொறுத்தே துணைநிற்றலின் பொருள் அமையும். தமிழ் இஸ்லாமிய இதழ்களின் வினா-விடைப் பகுதிகளை இந்நோக்கில் தொகுத்து ஆராய்வது, ஐயுற்றோர் எவற்றைக் கேட்டனர், எவற்றைக் கேட்கத் தயங்கினர் என்பதை வெளிக்கொணரும் அடுத்தகட்ட ஆய்வாக அமையும்.