முகத்துவாரம் தூர்ந்தால் மானியம் நீந்துமா?

படகு ஒன்றின் விலை ஐந்து லட்சம் என்று கணக்குப் போட்டார்கள் டில்லியில். அந்த ஐந்து லட்சத்தில் நூற்றுக்கு நாற்பது, அதாவது இரண்டு லட்சம், அரசின் மானியம். மீதி மூன்று லட்சத்தை மீனவன் போடவேண்டும். போட்டால் படகு. போடாவிட்டால்? கரையில் நின்று கப்பல் பார்க்கலாம்!

2020 செப்டம்பரில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டம் இது. பெயர், பிரதான் மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனா. பழவேற்காட்டில் கோட்டைக்குப்பத்திலோ ஆண்டிக்குப்பத்திலோ வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவரிடம் போய் இந்தப் பெயரை ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள், தோழர்களே! மடவையை மணத்தால் அறிவார், காற்றின் திசையைக் கன்னத்தால் அறிவார். இந்தப் பெயர் மட்டும் அவர் நாக்கில் நுழையாது. தன் பெயரில் வந்த பணத்தின் பெயரையே தன்னால் சொல்ல முடியாதென்றால், அதைக் கேட்டுப் போகும் மனிதன் அலுவலகத்து வாசற்படியிலேயே பாதி ஆளாகிவிடுகிறான்.

பெயர் கிடக்கட்டும். பணத்தைப் பார்ப்போம். ஐந்தாண்டுகளுக்கு 20,050 கோடி என்று தம்பட்டம் அடித்தார்கள். ஊரெல்லாம் சுவரொட்டி, ஏடெல்லாம் விளம்பரம். இருபதாயிரத்து ஐம்பது கோடி! கேட்ட மாத்திரத்தில் காது குளிர்கிறதல்லவா? அந்தத் தொகையைப் பிரித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? டில்லியின் பங்கு 9,407 கோடி. மாநிலங்களின் பங்கு 4,880 கோடி. மிச்சம் 5,763 கோடி யாருடையது தெரியுமா? பயனாளியுடையது! ஆம், தோழர்களே. மீனவன் தன் மடியை அவிழ்த்துப் போடவேண்டிய பணத்தையும் சேர்த்துக் கூட்டித்தான், இதோ மீனவனுக்கு நாங்கள் தரும் கொடை என்று முழங்கினார்கள். மொய் எழுத வந்தவனிடமே விருந்துச் செலவை வாங்கிக்கொண்டு, விருந்து வைத்த பெருமையைத் தன் பேரில் எழுதிக்கொள்ளும் வீட்டுக்காரரை நாம் கண்டதில்லை. டில்லியில் கண்டோம்.

சரி, அந்த மூன்று லட்சத்துக்கு மீனவன் எங்கே போவான்? வங்கிக்குப் போனால் பட்டா எங்கே என்கிறார்கள். குப்பத்து வீடுகளில் பல நிற்பது புறம்போக்கில். அவன் உழுவது தண்ணீரை. ஏரிக்குப் பட்டா உண்டா? அலைக்குச் சிட்டா உண்டா, அடங்கல் உண்டா? மீனவனுக்கும் கிசான் கடன் அட்டை உண்டு என்று 2018-19இல் அறிவித்தார்கள். இரண்டு லட்சம் வரை கடன், தவணை தவறாமல் கட்டினால் ஆண்டுக்கு நூற்றுக்கு நாலு வட்டி. நல்ல ஏற்பாடு; குறை சொல்ல மாட்டோம். ஆனால் நடைமுறையில் அவன் வாங்குவது என்ன வட்டி? பத்து வட்டி! நூறு ரூபாய்க்கு மாதம் பத்து. ஆண்டுக்கு நூற்றிருபது. நாலு எங்கே, நூற்றிருபது எங்கே! கந்துவட்டிக்குத் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2003லேயே வந்துவிட்டது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. வட்டி வாசலில் நிற்கிறது.

வட்டிக்கடை ஒரு பக்கம் என்றால், வியாபாரியின் முன்பணம் இன்னொரு பக்கம். வியாபாரி பட்டா கேட்பதில்லை. மூன்று பிரதி விண்ணப்பம் கேட்பதில்லை. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கதவைத் தட்டினாலும் பணம் எடுத்துத் தருகிறார். ஒரே ஒரு நிபந்தனை: படுகிற மீனும் நண்டும் இறாலும் அவருக்கே, விலையும் அவர் வைத்ததே. அவரை அரக்கன் என்று சொல்ல நாம் வரவில்லை. அவருக்கும் மேலே ஒரு பெரிய முதலாளி இருக்கிறார். அவரும் அங்கே முன்பணம் வாங்கியவர்தான். ஆனால் வெள்ளை இறாலைத் தொட்டுப் பார்த்து விலை சொல்லும் உரிமை அதைப் பிடித்தவனுக்கு இல்லை என்பதுதான் பழவேற்காட்டுப் பொருளாதாரத்தின் முதல் பாடம்.

இது நேற்று வந்த நோயா? இல்லை. 1613இல் இதே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கெல்திரியாக் கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை இடிந்துபோயிற்று, கல்லறைகள் தொல்பொருள் துறையின் காவலில் பத்திரமாக இருக்கின்றன. அந்தக் கோட்டையிலிருந்து அவர்கள் செய்த பெரிய வியாபாரம் துணி. நெசவாளிக்குத் தரகர் மூலம் முன்பணம். முன்பணம் வாங்கிய தறி கம்பெனியின் தறி. அப்படி நெய்த கட்டம்போட்ட துணி கடல் தாண்டிப் போயிற்று. மலேசியாவிலே இன்றும் கைலிக்கு 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்றால் வேறொன்றுமில்லை, நம் பழவேற்காடுதான்! ஊரின் பெயர் அயல்நாட்டார் இடுப்பில் நானூறு ஆண்டுகளாக வாழ்கிறது. நெய்தவனுக்கு என்ன மிஞ்சிற்று? தறி போயிற்று, தரகர் முறை தங்கிற்று. அன்று நூலுக்கு முன்பணம், இன்று வலைக்கு முன்பணம்.

வேதனையோடு ஒரு விந்தையும் சொல்லவேண்டும். சென்னை மாகாணத்தின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904இல் பதிவானது திரூரில். திரூர் எங்கே இருக்கிறது? இதே திருவள்ளூர் மாவட்டத்தில்! வட்டிக்காரன் பிடியிலிருந்து உழவனை விடுவிக்க நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் வழி கண்ட மாவட்டத்தில், மீனவன் இன்னும் முன்பணத்துக்குக் கைகட்டி நிற்கிறான். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இல்லாமலில்லை. நிவாரணம் வாங்க உறுப்பினர் அட்டை வேண்டும், அதற்குச் சங்கம் வேண்டும் என்ற அளவில் அவை பல ஊர்களில் நிற்கின்றன. மீனை ஏலம் போடுகிற சங்கமாக, ஐஸ் வைத்திருக்கிற சங்கமாக, அவசரத்துக்கு ஐயாயிரம் தருகிற சங்கமாக அவை ஆகாதவரை வியாபாரியின் கதவுதான் திறந்திருக்கும்.

திட்டத்தில் நல்லதே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் மானியம் நாற்பதல்ல, அறுபது. ஐஸ் பெட்டியோடு மிதிவண்டி பத்தாயிரம் என்று விலை வைத்தார்கள். பெண் வாங்கினால் ஆறாயிரம் அரசுடையது, நாலாயிரம் அவளுடையது. ஐஸ் பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள் 75,000. அவள் பங்கு 30,000. கூடையைத் தலையில் சுமந்து, மீன் தண்ணீர் முதுகில் வழிய, பேருந்தில் ஏற்றமாட்டேன் என்ற வசவையும் வாங்கிக்கொண்டு விற்கப் போகிற தாய்மாருக்கு அந்தப் பெட்டி ஒரு விடுதலை. இதே திட்டத்தில் ஆழ்கடல் கப்பலுக்கு ஒன்றுக்கு ஒரு கோடியே இருபது லட்சம் விலை வைத்து, நாற்பத்தெட்டு லட்சம் மானியமும் ஒதுக்கினார்கள். பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான், தோழர்களே! இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவனுக்கு ஆழ்கடல் கப்பல் எதற்கு? மிதிவண்டிகள் எத்தனை தந்தார்கள், கப்பல்கள் எத்தனை தந்தார்கள் என்ற கணக்கைத்தான் கேட்டு வாங்கவேண்டும்.

ஓலை முடையும் தாய்மாரையும் மறக்கக் கூடாது. பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பனை ஓலையில் முடையும் பெட்டியும் கொட்டானும் சென்னைக் கடைகளில் விலை போகிற சரக்கு. கூடை முடைதல் உள்ளிட்ட 25 கைத்தொழில்களுக்கு மாநில அரசு 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கியது. மூன்று லட்சம் வரை கடன், நூற்றுக்கு இருபத்தைந்து மானியம், அதிகபட்சம் ஐம்பதாயிரம். இது அந்தத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது கிளைத் தோழர்களின் வேலை.

ஏரிக் கணக்கில் இன்னொருவர் இருக்கிறார். அவர் கணக்கிலேயே வராதவர். இருளர். அவர்களுக்குப் படகு இல்லை, வலை இல்லை. தண்ணீரில் அமிழ்ந்து, சேற்றைக் கையால் துழாவி, இறாலைத் தொட்டுப் பிடித்து, பல்லில் கவ்விய ஓலைப் பறியில் போடுகிறார்கள். பழங்குடியினருக்கு அறுபது சதவீதம் என்கிறது திட்டம். பழங்குடி என்பதற்குச் சான்று எங்கே என்கிறது அலுவலகம். சேற்றில் புதைந்த கையைப் பார்த்தாலே தெரியாதா என்று நாம் கேட்கலாம். கோப்புக்குக் கண் கிடையாது.

மானியம் தந்து ஏரியை அழித்த கதையும் நமக்கு உண்டு. 1990களில் இறால் பண்ணை என்றால் பொன் விளையும் பூமி என்றார்கள். ஏற்றுமதி, அன்னியச் செலாவணி என்ற மந்திரங்கள் ஓதப்பட்டன. கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் மானியம் தந்தது. வங்கி கடன் தந்தது. இப்போது மட்டும் பட்டா தடையாக இல்லை, பாருங்கள்! பெருமுதலாளிகள் கரையோரம் குளம் வெட்டினார்கள். குளத்துக் கழிவு கால்வாய்க்கு, கால்வாயிலிருந்து ஏரிக்கு. குடிநீர்க் கிணறு உப்பாயிற்று. கடைசியில் இறாலுக்கே நோய் வந்து பண்ணைகள் பலவும் படுத்தன. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11இல் தீர்ப்பு வந்தது: சிலிகா ஏரிக்கும் பழவேற்காடு ஏரிக்கும் 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது. ஏரியின் பெயரையே சொல்லி எழுதிய தீர்ப்பு! பிறகு 2005இல் பாராளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்குத் தனிச் சட்டம் போட்டுப் பண்ணைத் தொழிலுக்குப் பாதை திறந்தது வேறு கதை. அன்று செலவான மானியம் யாருடைய பெயரால்? கடலோர வளர்ச்சியின் பெயரால்!

ஆகவேதான் சொல்கிறோம்: ஆளுக்கொரு படகு தருவது பிறகு, ஏரிக்கு முதலில் உயிர் வேண்டும். இந்த ஏரியின் உயிர் முகத்துவாரத்தில் இருக்கிறது. கடல் நீர் உள்ளே வரவேண்டும். ஆரணியாற்று வெள்ளம் வெளியே போகவேண்டும். இறால் குஞ்சு அந்த வழியே வந்து வளர்ந்து அந்த வழியே திரும்ப வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் மணல் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் ஏரி கொதிக்கும், உப்பு ஏறும், மீன் குறையும், படகு கடலுக்குப் போக வழியில்லாமல் தரை தட்டும். இரு பக்கமும் கல் அடுக்கி நிரந்தரமாக வழி திறந்து வைக்கச் சுமார் 27 கோடி ரூபாய்த் திட்டம் போட்டது மாநில அரசு. பறவைகள் சரணாலயப் பகுதியல்லவா? அனுமதிக்கு மேல் அனுமதி. ஆண்டுகள் ஓடின. பறவைக்கும் மீன் வேண்டும் என்பதை அந்தக் கோப்புகளில் யாராவது எழுதினார்களோ, இல்லையோ!

அந்த 27 கோடியைப் பக்கத்து ஊர்க் கணக்கோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். தெற்கே காட்டுப்பள்ளியில் தனியார் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கத் திட்டம் தீட்டினார்கள். மதிப்பு சுமார் 53,000 கோடி. 2021 சனவரியில் வைத்த பொதுமக்கள் கருத்துக் கேட்பு தள்ளிப் போயிற்று. 2023 செப்டம்பரில் வைத்ததும் தள்ளிப் போயிற்று. தள்ளவைத்தவர்கள் யார்? படிப்பில்லாதவர்கள் என்று ஏசப்பட்ட குப்பத்து மக்கள்தான். கரை அரிக்கும், முகத்துவாரம் கெடும் என்று அவர்கள் சொன்னதை நிபுணர்களும் பிறகு சொன்னார்கள்.

அந்த மக்களிடம் ஒரு முறை இருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். முகத்துவாரத்தருகே மீன் படும் இடங்கள் சில. அவற்றை யார் எந்த நாளில் பயன்படுத்துவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் உனக்கு, நாளை எனக்கு. வலியவன் வளைத்துப் போட முடியாது. சட்டப் புத்தகத்தில் இல்லாத இந்தச் சட்டம் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. படகு மானியத்துக்கும் பெட்டி மானியத்துக்கும் இதே போல் ஊர் கூடிப் பெயர் எழுதி, எல்லார் கண் முன்னால் சீட்டெடுத்தால் என்ன? சிபாரிசுக் கடிதத்துக்கு அங்கே வேலை இருக்காதே! ஆனால் பாடு முறையைத் தூக்கிவைத்து ஆடவும் நாம் தயாரில்லை. அந்த உரிமை பிறப்பால் வருவது. குறிப்பிட்ட ஊர்களுக்கு, குறிப்பிட்ட சமூகத்துக்கு, அதிலும் ஆண்களுக்கு. இருளருக்கு அதில் சீட்டில்லை. ஆதிதிராவிட மீனவருக்கு இல்லை. கூடை சுமக்கும் தாய்க்கு இல்லை. பிறப்புப் பார்க்கும் சீட்டு, அது எத்தனை நேர்மையாக எடுக்கப்பட்டாலும், நமக்கு உடன்பாடில்லை. முறையை எடுத்துக்கொள்வோம், பட்டியலை விரிப்போம்.

டில்லியின் திட்டம் ஐந்தாண்டு முடிந்து 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. பெயர் மாறி இன்னொன்று வந்தாலும் விண்ணப்பம் விண்ணப்பம்தான். பொன்னேரியிலுள்ள மீன்வளத்துறை அலுவலகத்தில் தோழர்கள் கேட்கவேண்டியது அதிகமில்லை. பழவேற்காட்டுக் குப்பங்களில் எத்தனை பேருக்குக் கடன் அட்டை கிடைத்தது, எத்தனை மனுக்கள் வங்கியிலிருந்து திரும்பின, திரும்பியதற்கு எழுதிய காரணம் என்ன? மானியம் பின்னால் வரும், முதலில் முழுப் பணத்தையும் கட்டு என்று சொல்லி எத்தனை பேரை வியாபாரியிடம் திருப்பி அனுப்பினார்கள்? விபத்துக் காப்பீட்டில் இறந்தவர் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் என்று இருக்கிறதே, கேட்ட குடும்பங்களுக்கு எத்தனை மாதத்தில் வந்தது? தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. மனுவுக்குப் பத்து ரூபாய்.

மனு எழுதித் தர ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போதும். ஞாயிறு காலையில் ஏலம் முடிந்த பிறகு போட்டால் ஆட்கள் இருப்பார்கள். முதல் வாரம் அதை இருளர் குடியிருப்பில் போடுங்கள். படகுக்கான மனுவை அங்கே கொண்டுபோக வேண்டாம். பொன்னேரி சார் ஆட்சியருக்கு எழுதும் சாதிச் சான்று மனுவைக் கொண்டுபோங்கள்.