சராசரி சொல்லாத செய்தி

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஆய்வகத்தில் நானும் அந்த நம்பிக்கையோடுதான் இருந்தேன். ஊசலின் அலைவு நேரத்தைப் பலமுறை அளந்து, சராசரியைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, அளவுகளுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வைப் பிழையென்று ஒதுக்கிவிடுவேன். ஏற்றத்தாழ்வும் பேசும் என்பதைக் கன அணுக்கரு மோதல்களைப் பற்றிப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

கரியமில வாயுவின் மாறுநிலை வெப்பநிலை 31 டிகிரி செல்சியஸ் என்பதை நாம் அறிவோம். மாறுநிலைப் புள்ளியை நெருங்கும்போது தெளிந்த அவ்வாயு பால்போல் மங்குகிறது. சராசரி அடர்த்தி மாறாவிட்டாலும், இடத்திற்கு இடம் அடர்த்தி பெரிதும் கூடிக் குறைவதே இதற்குக் காரணம்.

அணுக்கருப் பொருளுக்கும் இத்தகைய புள்ளி உண்டா? இதை ஆராய, அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் 2000-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய முடுக்கியில் தங்க அணுக்கருக்களை மோதவிட்டனர். வெப்பநிலை ஒரு இலட்சம் கோடி டிகிரியைத் தாண்டியது. உயர் ஆற்றல் மோதல்களில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் உருகிக் குவார்க், குளுவான் குழம்பாயின. அக்குழம்பு வாயுவைப்போல் சிதறாமல், மிகக் குறைந்த பாகுநிலை கொண்ட திரவமாகப் பாய்கிறது என்று 2005-இல் அறிவித்தனர். ஆகவே நீரோட்டத்திற்கு உதவும் பாய்ம இயக்கவியல் இங்கும் உதவுகிறது. குழம்பு விரிந்து, குளிர்ந்து, மீண்டும் துகள்களாவதை அதனால் கணக்கிடலாம்.

மோதலுக்கு மோதல் புரோட்டான்களின் எண்ணிக்கை மாறும். துகள்கள் ஒன்றையொன்று சாராமல் பிறந்தால், எண்ணிக்கையின் விலக்க வர்க்கச் சராசரி அதன் சராசரிக்கே சமமாகும். இதுவே பாய்சான் பரவல். ஆனால் மாறுநிலைப் புள்ளி இல்லாமலே இதிலிருந்து விலக இரு காரணங்கள் உண்டு.

ஒன்று, இரு தங்க அணுக்கருக்களிலும் சேர்ந்து 394 பேரியான்களே உள்ளன, அவ்வெண் மாறாது. 394 மாணவர் உள்ள விடுதியில் இரு உணவுக்கூடங்கள் இருந்தால், ஒன்றில் கூட்டம் கூட, மற்றதில் குறையத்தானே வேண்டும்? மற்றொன்று, பேரியான்கள் மிக நெருங்கினால் ஒன்றையொன்று விலக்குகின்றன. இரண்டும் ஏற்றத்தாழ்வைக் குறைப்பவை.

இவ்விரண்டையும் பாய்ம இயக்கவியலோடு சேர்த்து வோவ்சென்கோ, கோக், ஷென் ஆகியோர் 2022-இல் கணக்கிட்டு வெளியிட்டனர். மோதல் ஆற்றல் 20 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கையில் கணக்கு அளவீட்டோடு ஒத்துப்போயிற்று. அதற்குக் கீழே இரண்டும் பிரிந்தன. பேரியான்களிடையே ஈர்ப்பு இருக்கலாம் என்ற குறி தெரிந்தது. அது மாறுநிலைப் புள்ளியின் சுவடா என்பதை இதைக்கொண்டு மட்டும் முடிவுகட்ட இயலாது. எளிய காரணங்களையெல்லாம் கணக்கில் கழித்த பிறகே எஞ்சுவதைப் புதுமை எனலாம்.

என் ஊசலின் ஏற்றத்தாழ்வு என் கையின் பிழையாகவே இருக்கலாம். ஆயினும் அது எவ்வளவு என்று சொல்லாமல் என் சராசரியை நம்புங்கள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. இவ்வாண்டுப் பதிவேட்டில் அதற்கென ஒரு பத்தியைக் கோடிட்டு வைத்திருக்கிறேன்.