பழைய முத்து நகைகளை அடையாளம் காணுதலும் மதிப்பிடுதலும்

பழைய முத்து நகை மதிப்பீடு என்பது, பரம்பரையாக வந்த ஒரு நகையில் உள்ள முத்து இயற்கை முத்தா, வளர்ப்பு முத்தா, போலியா என்பதை ஆய்ந்தறிந்து, பின்னர் பொன், முத்து, கல் ஆகியவற்றுக்குத் தனித்தனியே விலை காணும் முறையாகும். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நின்றுவிட்டதால், தூத்துக்குடிக் கடற்கரையின் குடும்பங்களில் எஞ்சியிருக்கும் பழைய முத்துக்களுக்கு ஈடாக அக்கடலிலிருந்து புதியவை கிடைப்பதில்லை. எனவே நகையை உருக்குவதற்கும் விற்பதற்கும் பங்கிடுவதற்கும் முன்பே இந்த ஆய்வைச் செய்துகொள்ள வேண்டும்.

பின்னணி

தாமிரபரணியின் கழிமுகத்தில் இருந்த கொற்கை, பாண்டியரின் முத்துத் துறைமுகமாக விளங்கியது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரேயக் கடலின் பெரிப்ளுஸ்' என்னும் கிரேக்க நூல் இதைக் 'கொல்கி' என்று குறிப்பிடுகிறது. கடல் பின்வாங்கியதால் கொற்கை உள்நாட்டு ஊராகிவிட, முத்து வணிகம் காயல் வழியாகத் தூத்துக்குடிக்கு நகர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரும், 1658 முதல் ஒல்லாந்தரும், பிறகு ஆங்கிலேயரும் முத்துக்குளிப்பைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்தனர். கடலில் மூழ்கி முத்துச் சிப்பி எடுக்கும் தொழிலில் பரதவர் முதன்மையாக ஈடுபட்டனர்.

விடுதலைக்குப் பின் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. 1961ஆம் ஆண்டுக்குப் பிறகு முத்துப் பார்களில் போதிய சிப்பி இல்லாததால் அது நடைபெறவில்லை. தூத்துக்குடிக்கு 'முத்து நகர்' என்ற பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.

முத்தின் மூன்று வகைகள்

இயற்கை முத்து: மனிதர் தலையீடின்றிச் சிப்பியினுள் தானே உருவாவது. அரகோனைட் என்னும் சுண்ணாம்புப் பொருள் மெல்லிய அடுக்குகளாகப் படிவதால் இதற்கு ஒளி உண்டாகிறது.

வளர்ப்பு முத்து: சிப்பியினுள் ஓட்டால் செய்த மணியையும் மற்றொரு சிப்பியின் சதைத் துண்டையும் மனிதர் வைத்து உண்டாக்குவது. மேலே படியும் அடுக்கு உண்மையான முத்துப் பொருளே. உள்ளே இருப்பது மட்டும் வைக்கப்பட்ட மணி. நன்னீர் முத்துக்களில் பெரும்பாலானவை மணி இல்லாமல் சதைத் துண்டை மட்டும் வைத்து வளர்க்கப்படுகின்றன.

போலி முத்து: கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் மணியின் மேல் பளபளப்பான பூச்சு ஏற்றியது.

நகை பழையது என்பதாலேயே முத்து இயற்கையானது என்று முடிவு செய்ய இயலாது. மீன் செதிலிலிருந்து எடுத்த பூச்சுடன் கூடிய கண்ணாடி முத்துக்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே பாரிசில் செய்யப்பட்டன. ஜப்பானில் மிகிமோட்டோ 1893இல் அரைவட்ட வளர்ப்பு முத்தை உருவாக்கினார். உருண்டையான வளர்ப்பு முத்துக்கள் 1920களில் உலகச் சந்தையில் பரவின. தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் 1973இல் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். ஆகவே, 'தூத்துக்குடி முத்து' என்ற சொல்லும் இயற்கை முத்து என்பதற்குச் சான்றாகாது.

நகையில் உள்ள சிவப்புக் கல்லுக்கும் இது பொருந்தும். செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெர்னுயி என்ற பிரெஞ்சு அறிவியலாளர் 1902இல் வெளியிட்டார். பாட்டி காலத்துக் கெம்பு நகையில் மாணிக்கமும் இருக்கலாம், செயற்கை மாணிக்கமும் இருக்கலாம், கண்ணாடியும் இருக்கலாம். பின்புறம் மூடி, அடியில் தகடு வைத்துப் பதித்த கற்களைப் பார்த்த மாத்திரத்தில் இனங்காண்பது கடினம்.

வீட்டில் செய்யக்கூடியவை, கூடாதவை

முத்தைப் பல்லின் விளிம்பில் மெல்ல உரசினால் உண்மையான முத்து சற்று நறநறப்பாக இருக்கும், போலி வழுக்கும். இச்சோதனை போலியை விலக்க மட்டுமே உதவும். வளர்ப்பு முத்தின் மேலடுக்கும் முத்துப் பொருளே என்பதால், அதுவும் நறநறப்பாகவே இருக்கும்.

துளையை உருப்பெருக்கி வழியே பார்ப்பது இதைவிடப் பயனுள்ளது. வளர்ப்பு முத்தில் மேலடுக்கும் உள்மணியும் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரியலாம். எடைக்கு விலை என்பதால் இயற்கை முத்துக்களில் பொதுவாக மிக நுண்ணிய துளையே இடப்பட்டது.

முத்தை நெருப்பில் காட்டுவதும், எலுமிச்சைச் சாறு அல்லது வினிகரில் இடுவதும் கூடாது. முத்து சுண்ணாம்புப் பொருள் ஆதலால் அமிலத்தில் கரையும். புளி போட்டுத் தேய்ப்பது, சோப்பு நீரில் ஊறவைப்பது ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும். மதிப்பீட்டுக்கு முன் நகையை மெருகேற்றவோ முத்தை வேறு நூலில் கோக்கவோ கூடாது. பழைய நூலும் கட்டும் வேலைப்பாடும் காலத்தைக் கணிக்க உதவும்.

ஆய்வகச் சோதனை

இயற்கை முத்தையும் வளர்ப்பு முத்தையும் உறுதியாகப் பிரித்தறிய எக்ஸ்-கதிர்ப் படம் தேவை. இயற்கை முத்தின் உட்புறத்தில் வெங்காயத்தின் அடுக்குகளைப் போன்ற வளையங்கள் தெரியும். வளர்ப்பு முத்தில் மணியின் எல்லை தெரியும். மணியில்லாத வளர்ப்பு முத்தில் நடுவே ஒழுங்கற்ற சிறு வெற்றிடம் காணப்படலாம். கடல் முத்தா, நன்னீர் முத்தா என்பதை அதிலுள்ள மாங்கனீசின் அளவைக் கொண்டு அறிகின்றனர்.

எல்லா ரத்தினச் சோதனைக் கூடங்களிலும் முத்துக்கான எக்ஸ்-கதிர் வசதி இருப்பதில்லை. எனவே நகையை அனுப்புமுன், முத்தைச் சோதிப்பார்களா, ஒவ்வொரு முத்தையும் சோதிப்பார்களா அல்லது சிலவற்றை மட்டுமா, நகையைப் பிரிக்க வேண்டுமா என்று கேட்டறிய வேண்டும். ஒரே மாலையில் இயற்கை முத்தும் வளர்ப்பு முத்தும் கலந்திருப்பதுண்டு. அறுந்த மாலையைப் பிற்காலத்தில் கோத்தபோது குறைந்த முத்துக்களுக்குப் பதிலாக வேறு சேர்ப்பது வழக்கம்.

முத்து பிறந்த கடலைச் சோதனையால் மட்டும் உறுதியாகச் சொல்வது கடினம். பாரசீக வளைகுடா முத்துச் சிப்பியும் மன்னார் வளைகுடாச் சிப்பியும் நெருங்கிய உறவுடையவை. இங்கேதான் குடும்பத்தின் சான்றுகள் பயன்படும்: பழைய திருமணப் புகைப்படம், சீர்வரிசைப் பட்டியல், பாகப் பத்திரம், கடை ரசீது.

நகை 100 ஆண்டுக்கு மேற்பட்ட கைவினைப் பொருளாயின், அதை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புமுன் 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் சட்டத்தின் விதிகளைக் கருத வேண்டும். இது குறித்து இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்கலாம்.

பொன்னின் தரம்

ஹால்மார்க் இல்லாத பழைய நகையின் தரத்தை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையங்களில் பொதுமக்களும் சோதித்துக்கொள்ளலாம். 2022இல் அறிவிக்கப்பட்ட கட்டணம் 4 நகைகள் வரை ரூ. 200, 5 அல்லது அதற்கு மேல் எனில் நகை ஒன்றுக்கு ரூ. 45. உரைகல் சோதனையும் கருவிச் சோதனையும் மேற்பரப்பையே அளக்கின்றன. பழைய நகைகளில் பற்றவைத்த இடங்களில் பொன்னின் தரம் குறைவாக இருக்கும் என்பதால், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சோதிக்கக் கேட்பது நல்லது.

விலை காணும் முறை

பழைய நகையை எடைக்கு எடுக்கும்போது அரக்கு, கல், முத்து ஆகியவற்றின் எடையைக் கழித்துப் பொன்னுக்கு மட்டும் விலை தருவது வழக்கம். நகைக் கடனிலும் பொன்னின் நிகர எடையே கணக்கு. எடுத்துக்காட்டாக, 40 கிராம் எடையுள்ள ஓர் அட்டிகையில் அரக்கு 5 கிராம், கற்கள் 3 கிராம், முத்துக்கள் 4 கிராம் எனில், நிகரப் பொன் 28 கிராம், அதாவது மூன்றரைச் சவரன். முத்துக்கள் இக்கணக்கில் கழிவாகவே போய்விடுகின்றன.

இயற்கை முத்தின் விலை வேறு வகையில் கணக்கிடப்படுகிறது. முற்காலத்தில் முத்துக்குளிப்பு முடிந்ததும் 20 முதல் 1,000 வரை துளைகள் கொண்ட பத்துச் சல்லடைகளால் முத்துக்களை அளவு பிரித்தனர். பின்னர் உருட்சியும் ஒளியும் பார்த்துத் தரம் பிரித்தனர். இரண்டிலும் குறையில்லாதது ஆணிமுத்து. இன்றும் அளவு, வடிவம், ஒளி, நிறம், மேற்பரப்பு, ஒன்றோடொன்று ஒத்திருத்தல் ஆகியவையே விலையைத் தீர்மானிக்கின்றன.

இயற்கை முத்து வணிகத்தில், எடையை அதே எடையால் பெருக்கி, வரும் எண்ணை ஓர் அடிப்படை விலையால் பெருக்குவது மரபு. இதற்கான எடை 'கிரெயின்' (50 மில்லிகிராம்). மேற்கண்ட 4 கிராம் முத்து 80 கிரெயின் ஆகும். அது 2 கிரெயின் முத்துக்கள் 40 ஆக இருந்தால், ஒன்றுக்கு 4 வீதம் 160 அலகு. 8 கிரெயின் முத்துக்கள் 10 ஆக இருந்தால், ஒன்றுக்கு 64 வீதம் 640 அலகு. எடை ஒன்றே, தரமும் ஒன்றே எனில் விலை நான்கு மடங்கு.

எந்த நோக்கத்துக்கான மதிப்பு

ஒரே நகைக்கு நோக்கத்தைப் பொறுத்து வெவ்வேறு மதிப்புகள் உண்டு. காப்பீட்டுக்கு, அதே போன்ற நகையை வாங்க ஆகும் தொகை எடுக்கப்படும். விற்பனைக்கு, சந்தையில் கிடைக்கக்கூடிய தொகை எடுக்கப்படும்; இது காப்பீட்டு மதிப்பைவிடப் பொதுவாகக் குறைவு. வருமான வரியைப் பொறுத்தவரை, 2001 ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன் குடும்பத்துக்கு வந்த நகையை விற்கும்போது, அந்த நாளின் நியாயமான சந்தை மதிப்பை அடக்க விலையாகக் கொள்ளலாம். இதற்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை பயன்படும்.

பாகப்பிரிவினையில் இது மிகவும் முக்கியமானது. சவரன் கணக்கில் மட்டும் பங்கிட்டால், முத்து மாலை பெற்றவருக்கு மிகையாகவோ குறைவாகவோ போய்விடும். மாலை ஒருவரிடம் சென்ற பிறகு விலை தெரியவந்தால், உடன்பிறந்தோரிடையே மனத்தாங்கல் உண்டாகிறது. பங்கிடுவதற்கு முன்பே அனைவரும் அறிய மதிப்பிடுவது இதைத் தவிர்க்கும்.

கவனிக்க வேண்டியவை

- மதிப்பிடுபவரே நகையை வாங்குபவராக இருக்கக் கூடாது.
- கட்டணம் நகையின் விலையில் இத்தனை சதவீதம் என்று இல்லாமல், முன்பே பேசிய தொகையாக இருக்க வேண்டும்.
- நகையைக் கொடுக்கும் முன் இருபுறமும் புகைப்படம் எடுத்து, முத்துக்களை எண்ணி, மொத்த எடையுடன் ரசீது பெற வேண்டும்.
- அறிக்கையில் முத்தின் வகை, எண்ணிக்கை, அளவு, எடை, சோதனை முறை, மதிப்பின் நோக்கம், தேதி ஆகியவை இருக்க வேண்டும்.
- நகையை உருக்க முடிவு செய்தாலும், முத்துக்களைக் கழற்றித் திரும்பப் பெற வேண்டும். உருக்கும் சூட்டில் முத்து அழிந்துவிடும்.