விலாசமே பெயரான இசைத்தொகுப்பு

தலைநகரின் நாதங்கள் – 11

சென்ற வாரம், 1997ஆம் ஆண்டின் முதல் நாளன்று, தெருநாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மியின் நினைவாகத் தில்லியில் கூடிய சபையில் 'இந்தியன் ஓஷன்' குழுவினர் வாசித்ததையும், மார்கழிக் குளிரில் திறந்தவெளியில் நிகழ்ந்த அந்தக் கச்சேரியே 'டெஸர்ட் ரெயின்' என்ற பெயரில் ஒலிநாடாவாக வெளிவந்ததையும் பார்த்தோம். அதே குழுவினர் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, தேசமெங்கும் பிரசித்தி பெற்றுவிட்ட பிறகு, கடையில் விற்காமல் கேட்டவர்க்கெல்லாம் இனாமாகக் கொடுத்த ஓர் இசைத்தொகுப்பின் சரித்திரம் இந்த வாரத்துக்குரியது. அதன் பெயர் '16/330 கஜூர் ரோடு'. கரோல் பாக்கிலிருந்த ஒரு வீட்டின் கதவிலக்கமும் தெருப் பெயருமே அது, அலங்காரம் ஏதுமில்லை.

கரோல் பாக் தமிழர்களுக்குப் புதிய பேட்டை அல்ல. மத்திய சர்க்கார் உத்தியோகத்தை நம்பித் தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள், பிற்காலத்தில் ராமகிருஷ்ணபுரத்துக்கும் ஜனக்புரிக்கும் யமுனைக்கு அக்கரையிலுள்ள மயூர் விஹாருக்கும் பிரிந்து போவதற்கு முன்னால், மொட்டைமாடிப் பர்சாத்தி அறையிலோ ஒண்டுக் குடித்தனத்திலோ சில காலம் வாழ்ந்து பார்த்த இடங்களுள் அது முக்கியமானது; தில்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று இன்றும் அப்பகுதியில் நடந்துவருகிறது. அஜ்மல்கான் ரோட்டு ஜவுளிக் கடைகளின் சந்தடிக்கும் கஃபார் மார்க்கெட்டின் நெரிசலுக்கும் பக்கத்திலேயே, மனைகள் துண்டாடப்பட்டு மாடிமேல் மாடி எழும்பிக்கொண்டிருந்த அந்த வட்டாரத்தில், நூறாண்டு கண்டதென்று சொல்லப்படும் பழைய பங்களா ஒன்று எஞ்சியிருந்தது. இந்தியன் ஓஷன் குழுவினர் பல ஆண்டுகளாகச் சாதகம் செய்த இடம் அதுதான்.

ராக் சங்கீதக் குழு ஒன்றுக்கு ஒத்திகை இடம் எவ்வளவு பெரிய பிரச்னை என்பதை, ஒரு தம்பூராவையும் மிருதங்கத்தையும் வைத்துக்கொண்டு கூடத்தில் சாதகம் செய்யும் நம் சம்பிரதாயத்தில் வளர்ந்தவர்கள் சட்டென்று உணர்வது கடினம். டிரம்ஸும் மின்விசையால் முழங்கும் பேஸ் கிதாரும் ஒலிபெருக்கிகளும் அடுக்குமாடி வாசத்துக்கு ஒத்துவராதவை. அடுத்த வீட்டுக்காரரின் பொறுமையும் சொந்தக்காரரின் தாட்சணியமும் வெகு சீக்கிரத்தில் தீர்ந்துவிடக்கூடியவை. தடித்த சுவர்களும் உயர்ந்த கூரையும் கொண்ட பழைய வீடு, வாடகை கொடுத்து மணிக்கணக்கில் பிடிக்கவேண்டிய ஒலிப்பதிவுக் கூடத்தைவிட இவர்களுக்குப் பெரிய உபகாரம் செய்தது. அது இவர்களுக்கு அவகாசத்தைக் கொடுத்தது. அவகாசம் இல்லாமல் இவர்களுடைய பாட்டு உருவாகாது. நால்வரும் சேர்ந்து உட்கார்ந்து, கிதாரில் பிறந்த ஒரு சிறு ஸ்வரக் கோவையை மாதக்கணக்கில் திருப்பித் திருப்பி வாசித்து, தாளத்தை மாற்றிப் பார்த்து, சாஹித்யத்தைப் பிறகு பொருத்தி, மேடையில் பல ஊர் ரசிகர்களுக்கு முன்னால் சோதித்த பின்பே ஒலிப்பதிவுக்குப் போவது இவர்கள் வழக்கம். ஆகவேதான் 2003இல் 'ஜீனி' வெளிவந்த பிறகு, 'பிளாக் ஃப்ரைடே' போன்ற திரைப்படங்களுக்கு இசையமைத்ததைத் தவிர, தங்களுடைய சொந்தத் தொகுப்பென்று அடுத்ததைக் கொடுக்க இவர்களுக்கு ஏழு ஆண்டுகள் பிடித்தன.

அந்த நால்வரைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லியாகவேண்டும். கிதார் வாசிக்கும் சுஸ்மித் சென்னும் அஸீம் சக்ரவர்த்தியும் 1984இல் சந்தித்தவர்கள். 1990இல் குழுவை நிறுவினார்கள். இந்து மகாசமுத்திரத்தின் ஆங்கிலப் பெயரைக் குழுவுக்குச் சூட்டும்படி யோசனை சொன்னவர் சுஸ்மித்தின் தகப்பனார். 1991இல் வந்து சேர்ந்த ராகுல் ராம், கான்பூர் ஐ.ஐ.டி.யில் ரசாயனம் படித்து, அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையில் சுற்றுச்சூழல் நச்சியலில் டாக்டர் பட்டம் பெற்று, அந்தப் படிப்புக்குரிய உத்தியோகத்தைத் தேடாமல், நர்மதைப் பள்ளத்தாக்கில் அணைக்கட்டை எதிர்த்துப் போராடிய ஜனங்களோடு சில காலம் வாழ்ந்து, அங்கே கேட்ட நதித் துதியைக் குழுவுக்குக் கொண்டுவந்தவர். 1994இல் சேர்ந்த அமித் கிலாம் டிரம்ஸ் வாசிப்பவர். வங்காளத்துப் பாவுல் பாடகர்களின் ஒற்றைத் தந்தி வாத்தியமான குப்குபியையும் கையாளுவார். அஸீமின் வித்தையோ இவை எல்லாவற்றிலும் அபூர்வமானது. தபலாவை வாசித்துக்கொண்டே முழுக் குரலில் பிரதானப் பாடகராகப் பாடுவது என்பது, மிருதங்க வித்வான் வாயைத் திறந்தால் கொன்னக்கோல் சொல்ல மட்டுமே என்று பழகிய நமக்கு, கேட்பதற்கு முன் நம்பமுடியாத காரியமாகத்தான் தோன்றும்.

இத்தகைய குழு, ஒலிப்பதிவு ஸ்தாபனங்களின் துணையை உதறவேண்டிய அவசியம் என்ன? 1993இல் இவர்களுடைய முதல் தொகுப்பை எச்.எம்.வி. வெளியிட்டது, 2000இல் 'கந்தீசா'வை டைம்ஸ் மியூசிக் வெளியிட்டது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் புராதனத் துதிப்பாடலொன்றைத் தலைப்பாகக் கொண்ட அந்தத் தொகுப்பு இவர்களைத் தேசமெங்கும் அறிமுகப்படுத்தியது. ஸ்தாபனத்தின் வலிமையால் கலைஞனுக்குக் கிடைக்கும் விளம்பரம் அற்பமானதல்ல. ஆனால் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், ஒலிப்பதிவின் முதல் உரிமையை அதைத் தயாரித்தவரிடம் வைக்கிறது. பாடியவன் பாடிவிட்டுப் போகிறான். பதிவு முதலாளியின் சொத்தாகிவிடுகிறது. 1902இல் கௌஹர் ஜான் கல்கத்தாவில் கிராமபோன் குழாயின் முன் நின்று பாடிய நாள்முதலாக, இந்நாட்டின் மகாவித்வான்கள் அநேகர் கையெழுத்திட்டுக் கொடுத்த ஒப்பந்தங்களின் சாராம்சம் பெரும்பாலும் இதுவே. திரைப்படப் பாட்டுகளில் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் தொடர்ந்து பங்கு சேரவேண்டும் என்ற திருத்தம் 2012இல்தான் சட்டமானது. அதற்கே வெகு காலம் வாதாட நேர்ந்தது.

மேலும், 2010ஆம் ஆண்டுக்குள் அந்த வியாபாரத்தின் அஸ்திவாரமே ஆட்டங்கண்டிருந்தது. ஒலிநாடா மறைந்துவிட்டது, குறுந்தகட்டை வாங்குவோர் குறைந்துவிட்டனர், விலைக்கு வெளிவந்த பாட்டு மறுநாளே காசில்லாமல் கணினிக்குக் கணினி பாய்ந்தது. ஸ்தாபனம் விற்கிற ஒவ்வொரு தட்டிலும் கலைஞனுக்குச் சேரும் பங்கு சொற்பம். ஜீவனம் நடப்பதோ கச்சேரியினால். அப்படியிருக்க, ரசிகன் எப்படியும் இனாமாகப் பெறப்போகிற பாட்டை, திருட்டுப் பொருளாக அல்லாமல் கலைஞனின் கையிலிருந்தே முறையாகப் பெறட்டுமே என்ற எண்ணம் உலகில் சிலருக்கு உதித்திருந்தது. இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழு, 2007 அக்டோபரில் 'இன் ரெயின்போஸ்' தொகுப்பை இணையத்தில் வைத்து, விலையை வாங்குகிறவரே நிர்ணயித்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது. தில்லியிலேயே, 1991இல் தோன்றிய பரிக்ரமா குழு, முறையான தொகுப்பு எதையும் வெளியிடாமல் தன் பாட்டுகளை இணையத்தில் இலவசமாக வைத்துப் பெயரெடுத்திருந்தது. ஆயினும், தொகுப்புகள் விற்றுப் பெயர்பெற்ற மூத்த குழுவொன்று, விற்கக்கூடிய சரக்கையே விலையின்றிக் கொடுப்பது வேறு காரியம். அதற்குத் துணிவு வேண்டும். தன் சங்கீதத்தின்மேல் நம்பிக்கையும் வேண்டும்.

இந்த ஆலோசனைகள் கனிந்துவந்த வேளையில்தான் பேரிழப்பு நேர்ந்தது. 2009ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தோஹாவுக்குச் சென்றிருந்த அஸீமுக்கு மாரடைப்பு உண்டாயிற்று. அங்கே சிகிச்சை பெற்றுத் தேறி ஊர் திரும்பியவர், டிசம்பர் 25ஆம் தேதி தில்லியில் காலமானார். வயது ஐம்பத்திரண்டு. புதிய தொகுப்புக்கான அவருடைய குரலும் தபலாவும் முன்பே பதிவாகியிருந்தன. ஒரு கலைஞன் மறைந்த பிறகு வெளியாகும் பதிவுகளில் பல, மிச்சம் மீதியைத் திரட்டி அவன் பெயரால் கடைவிரிக்கும் முயற்சிகளாகவே முடிகின்றன. இது அவ்வகையைச் சேர்ந்ததல்ல. நால்வரும் சேர்ந்து உருவாக்கி, நால்வரும் சேர்ந்து வாசித்து, நால்வரும் சம்மதித்த வடிவத்தில் நின்ற முழுமையான கிருதி அது.

2010 ஜூலையில் முதல் பாடலான 'சாந்த்' குழுவின் இணையதளத்தில் ஏற்றப்பட்டது. அதன்பின் மாதம் ஒன்றாக ஏழு மாதங்களில் ஏழு பாடல்கள் வெளிவந்தன. இந்த முறையில் ஒரு நடைமுறை விவேகமும் இருந்தது. மூன்றாம் தலைமுறைக் கைப்பேசி அலைக்கற்றையின் ஏலமே இந்நாட்டில் அந்த ஆண்டுதான் நடந்தது. பெரும்பாலான வீடுகளில் இணைய இணைப்பு நத்தை வேகத்தில் ஊர்ந்த அக்காலத்தில், ஏழு நீண்ட பாட்டுகளை ஒருசேர இறக்கிக்கொள்வதைவிட, மாதம் ஒன்றை இறக்கி அதையே ஒரு மாதம் கேட்பது சுலபம். வாராந்தரப் பத்திரிகையில் தொடர்கதை படித்து வளர்ந்த வாசகர்களுக்கு அந்தக் காத்திருப்பின் ருசியை நான் விளக்கவேண்டியதில்லை. அதே ஆண்டில், ஜெய்தீப் வர்மா இயக்கிய 'லீவிங் ஹோம்' என்ற ஆவணப்படம், குழுவின் வாழ்க்கையையும் சங்கீதத்தையும் விஸ்தாரமாகச் சொல்லித் திரையரங்குகளில் வெளியாயிற்று. பின்னர் அது தேசிய விருதும் பெற்றது. அஸீம் பேசுவதையும் பாடுவதையும் வருங்கால ரசிகர்கள் காண்பதற்கு அந்தப் படம் பேருதவி.

இலவசமாகக் கொடுத்தது கலையின் மதிப்பைக் குறைத்ததாகாதா என்ற ஆக்ஷேபணை அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. காசு கொடுத்து வாங்காத பொருளை மனிதர்கள் அலட்சியமாக நடத்துவார்கள் என்பதும், பெயர் பெற்றவர்கள் இனாமாகக் கொடுத்தால் பெயர் பெறாத இளைஞர்களின் பாட்டை யார் விலைக்கு வாங்குவார்கள் என்பதும் தள்ளிவிடக்கூடிய வாதங்கள் அல்ல. இரண்டாவது வாதத்துக்கு என்னிடம் பூரணமான சமாதானம் இல்லை. பல்லாண்டு மேடையேறி ரசிகர் கூட்டத்தைச் சம்பாதித்துக்கொண்டவர்களுக்குச் சாத்தியமான தாராளம், நேற்று தொடங்கிய குழுவுக்குச் சாத்தியமல்ல என்பது வாஸ்தவம். ஆனால் முதல் வாதத்தில் ஒரு மயக்கம் இருக்கிறது. இந்தியன் ஓஷன் குழுவினர் தானம் செய்தது பிரதியை மட்டுமே. பாட்டைத் தாமே பதிவு செய்து தாமே வெளியிட்டவர்களிடமிருந்து அதை எப்போது, எவ்விதம், யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் எங்கும் போய்விடவில்லை. முன்னோர்கள் சில நூறு ரூபாய்க்குக் கையெழுத்திட்டுப் பறிகொடுத்ததை, இவர்கள் ஒரு பைசா வாங்காமல் தக்கவைத்துக்கொண்டார்கள். விற்றவன் இழந்தான், கொடுத்தவன் காத்துக்கொண்டான் என்ற இந்த விசித்திரத்தைத்தான் இத்தொகுப்பின் பிரதான சாதனையாக நான் கருதுகிறேன்.

பிற்பாடு நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். அஸீமின் இடத்தை ஒருவரால் நிரப்ப முடியவில்லை. தபலாவுக்குத் துஹின் சக்ரவர்த்தியும் பாட்டுக்கு ஹிமான்ஷு ஜோஷியுமாக இருவர் வரவேண்டியிருந்தது. 2013இல் சுஸ்மித் சென்னும் குழுவிலிருந்து விலகினார். நிகில் ராவ் கிதாரை ஏற்றார். 2014இல் வெளிவந்த 'தந்தானு' தொகுப்பில் சங்கர் மகாதேவன், சுபா முத்கல், விஸ்வ மோகன் பட் முதலிய விருந்தினர்கள் பங்குகொண்டார்கள். கடம் விநாயக்ராமின் குமாரர் கஞ்சிரா செல்வகணேஷும், கணேஷ்–குமரேஷ் சகோதரர்களில் வயலின் குமரேஷும் அதில் இருப்பது தமிழ் ரசிகர்கள் விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. பின்னும் ஒன்பது ஆண்டுகள் அவசரமின்றிக் கழிந்து, 2023இல் 'தூ ஹை' வெளிவந்தது. அதற்குள் உலகம் மாறிவிட்டது. மாதச் சந்தாவுக்குக் கோடிக்கணக்கான பாட்டுகள் கைப்பேசியில் கிடைக்கின்றன. 2010இல் துணிச்சலாகத் தோன்றிய இலவசம் இன்று சர்வசாதாரணம். ஆனால் அந்த இலவசத்தைக் கொடுக்கிறவன் இப்போது கலைஞன் அல்ல, நடுவிலிருக்கும் கம்பெனி. கணக்கும் அதிகாரமும் மீண்டும் கலைஞனின் கையைவிட்டுப் போய்விட்டன.

ஆகையால் '16/330 கஜூர் ரோடு' தொகுப்பைக் கேட்க விரும்பும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். பாட்டு உங்களுக்குச் சுலபமாகக் கிடைத்துவிடும், கேளுங்கள். பிடித்திருந்தால், இந்தக் குழுவோ இவர்களைப் போன்ற வேறொரு குழுவோ உங்கள் ஊருக்கு வரும்போது, அநுமதிச் சீட்டைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு கச்சேரிக்குப் போங்கள். ஓசிப் பாஸுக்கு ஆள் பிடிக்காதீர்கள்.

(தொடரும்)