'ஓரிரு இடங்களில் மழை' என்றால் எங்கே மழை?

பால்மரம் வெட்டுபவர் விடியற்காலையில் எழுந்ததும் வாசலுக்கு வந்து வானத்தைத்தான் பார்ப்பார். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாது. மரமெங்கும் வழிந்து, மங்கில் சேராமல் வீணாகும். ஆகவே, மழை நம் வீட்டு அடுப்போடு சம்பந்தப்பட்ட விஷயம். அதைப் பற்றி வானொலியில் சொல்லும் வார்த்தைகளை நாம் புரிந்துகொள்ள வேண்டாமா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இன்று மாலை மழை வருமா என்பது வானிலை. கிளந்தானில் ஆண்டுக் கடைசியில் பெருமழை பெய்வது வழக்கம் என்பது பருவநிலை. பெரியவர்கள் 'சீதோஷ்ணம்' என்பார்கள். சீதம் குளிர், உஷ்ணம் வெப்பம். அதையே 'தட்பவெப்பம்' என்று தமிழில் சொல்கிறோம். ஒரு நாள் மழையை வைத்துப் பருவநிலையைச் சொல்ல முடியாது. 30 ஆண்டுக் கணக்கைப் பார்த்துத்தான் சராசரி எடுக்கிறார்கள்.

மலாய் அறிக்கையில் 'சத்து டுவா தெம்பாட்' என்று வருமே, அதுதான் ஓரிரு இடங்களில் மழை. இடிமழை மேகம் பல வேளைகளில் சில கிலோமீட்டர் அகலமே இருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் கொட்டும்; நம் லயத்தில் துணி காயும். அறிக்கை பொய்த்துவிட்டதாக ஏசுவதில் நியாயமில்லை.

மழையின் அளவை மில்லிமீட்டரில் சொல்கிறார்கள். முன்பு தோட்டத்து மழைமானியில் அங்குலக் கணக்கு. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் தண்ணீர். ஓர் அங்குலம் பெய்தால் ஓர் ஏக்கரில் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல்! கால்வாய் ஏன் நிரம்பி வழிகிறது என்பது இப்போது விளங்கும்.

மேற்குக் கரையில் பால்வெட்டுக்குப் பெரிய எதிரி 'சுமத்ரா' காற்று. சுமத்ராவிலோ மலாக்கா நீரிணையிலோ இரவில் திரளும் மேகவரிசை, பலத்த காற்றோடு விடிவதற்குள் இங்கே வந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இது அதிகம். மற்ற இடிமழைகள் பெரும்பாலும் பிற்பகலில் வருபவை. தீபாவளிக்கு முறுக்கு பிழியும்போது பிடித்துக்கொள்ளுமே, அந்த ஐப்பசி மழை இந்த இனம்தான். நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையை நனைக்கிறது. அங்கே இதை 'தெங்குஜு' என்பார்கள். அதே மாதங்களின் பிற்பகுதியில் கெடாவும் பெர்லிசும் காய்ந்து கிடக்கும். பெர்லிசின் சுப்பிங்கில் 1998 ஏப்ரலில் 40.1 பாகை செல்சியஸ் பதிவாகியிருக்கிறது.

தொடர்மழை எச்சரிக்கைக்கு மூன்று நிறங்கள் உண்டு. மஞ்சள் 'வாஸ்படா', விழிப்பாக இரு. ஆரஞ்சு 'புருக்', நிலைமை மோசம். சிவப்பு 'பஹாயா', ஆபத்து. வெள்ளம் கிழக்குக் கரைக்கு மட்டுமே உரியது என்று எண்ண வேண்டாம். 2014 டிசம்பரில் கிளந்தான் மூழ்கியது. 2021 டிசம்பரில் ஷா ஆலமும் மூழ்கியது. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் இவற்றை ஒரே பையில் போட்டு உயரத்தில் வைத்துவிடுங்கள்.

'இடி விழுந்தது' என்று சொல்கிறோம். விழுவது மின்னல், இடி அதன் ஓசை. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்க மூன்று விநாடி ஆனால், மின்னல் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பத்து கிலோமீட்டருக்குள் இருந்தாலே ஆபத்துதான். செம்பனைக் குலை வெட்டும் நீண்ட அலுமினியக் கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கோ ஆபத்து இன்னும் அதிகம். கம்பைக் கீழே போட்டுவிட்டு, கட்டடத்துக்கோ மூடிய வாகனத்துக்கோ போய்விட வேண்டும். மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வரலாம். மண்டோர் அவசரப்படுத்தினால் இதை அவரிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.