"போனால்தான் ஆகும்": கொரிய மொழியில் கட்டாயமும் வரம்பும்

"நான் வீட்டுக்குப் போக வேண்டும்" என்று ஒருவர் சொல்கிறார். அவருக்கு வீட்டுக்குப் போக ஆசையா? அல்லது போயே தீர வேண்டிய கட்டாயமா? தமிழில் இரண்டுக்கும் ஒரே வாக்கியம்தான். சொல்பவரின் குரலும் முகமும் மீதியைச் சொல்லிவிடும். "காப்பி வேண்டும்", "பணம் வேண்டும்", "படிக்க வேண்டும்" என்று ஆசை, தேவை, கட்டாயம் மூன்றையும் "வேண்டும்" என்ற ஒரு சொல்லே சுமக்கிறது.

கொரிய மொழியில் இந்த மூன்றுக்கும் தனித்தனி வடிவங்கள் உண்டு. அடிப்படைப் பாடங்களை முடித்து, நாடகங்களை வசன வரிகள் இல்லாமலேயே ஓரளவு புரிந்துகொள்ளும் நிலைக்கு வந்துவிட்ட தமிழ் மாணவர்கள்கூட இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

மலேசியர்களுக்குக் கொரிய மொழி புதிதல்ல. 1982ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட கிழக்கை நோக்கும் கொள்கையின் வழி, மாணவர்கள் ஜப்பானுக்கும் தென்கொரியாவுக்கும் அனுப்பப்பட்டனர். பின்னர் 2002இல் "விண்டர் சொனாட்டா", 2003இல் "தே ஜாங் கும்" போன்ற நாடகங்கள் வந்தன. அவை அந்த மொழியை வீட்டு வரவேற்பறை வரைக்கும் கொண்டு வந்துவிட்டன. ஆர்வத்தில் தொடங்கிய பலர் இன்று மேற்படிப்புக்காகவும் வேலைக்காகவும் அதைக் கற்கிறார்கள். அங்கே ஒரு வாக்கியம் தவறினால், இழப்பு மதிப்பெண்ணோடு நின்றுவிடுவதில்லை.

ஒரு மாணவரின் நிலை

சியோலில் படிக்கும் மலேசிய மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கிள்ளானில் அவருடைய தாயாருக்கு அவசர அறுவைச் சிகிச்சை. வகுப்புக்கு ஒரு வாரம் விடுப்பு வேண்டும். மனத்தில் "ஊருக்குப் போக வேண்டும்" என்ற தமிழ் வாக்கியம் ஓடுகிறது. அவசரத்தில் பேராசிரியருக்கு "ஜிபே ககோ ஷிப்பொயோ" என்று எழுதி அனுப்பிவிடுகிறார்.

இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் பேராசிரியர் படிப்பது, "எனக்கு வீட்டுக்குப் போக ஆசையாக இருக்கிறது" என்பதை. வீட்டு நினைவு வந்துவிட்டது போலும் என்று அவர் ஆறுதல் சொல்லலாம். விடுப்பு கொடுக்க மாட்டார். எழுதியிருக்க வேண்டியது "ஜிபே கயா ஹேயோ" என்பதாகும். இதற்குத்தான் "போயாக வேண்டும்" என்று பொருள்.

பெரியவர்களிடம் பேசும்போது கட்டாயத்தையும் சற்றுத் தணித்துச் சொல்வது கொரியர் வழக்கம். "கயா ஹல் கொட் கத்ஸும்நிதா" என்றால், "போக வேண்டியிருக்கும் போலிருக்கிறது" என்று பொருள். தமிழிலும் மரியாதைக்கு இந்தப் "போலிருக்கிறது" வருவது கவனிக்கத்தக்கது.

தேவைக்கு உரிய சொல் "பிர்யோ ஹேயோ". பணம், நேரம், உதவி என்று ஒரு பொருள் தேவைப்படும்போது அது வரும். "தொனி பிர்யோ ஹேயோ" என்றால் "பணம் தேவை" என்பதாகும்.

இங்கே உச்சரிப்பைப் பற்றி ஒரு சொல். கொரிய ஒலிகளைத் தமிழ் எழுத்தில் முழுமையாகக் காட்ட இயலாது. ஆனால் தமிழில் "கடல்" என்பதிலும் "அகம்" என்பதிலும் ககரம் வேறுபட்டு ஒலிப்பது போலவே, கொரியத்திலும் சொல்லின் முதலில் வன்மையாகவும் இரண்டு உயிர்களுக்கு இடையில் மென்மையாகவும் ஒலிக்கும். "வந்து" என்பதன் கடைசி உகரம் போல இதழ் குவியாத உகரமும் அங்கே உண்டு. சரியான ஒலியைக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

மூன்று "ஆல்"கள்

கொரியத்தில் "வேண்டும்" என்பதற்கு நேரான தனிச்சொல் கிடையாது. கட்டாயம், அனுமதி, தடை ஆகியவை பெரும்பாலும் ஒரு நிபந்தனையையும் "ஆகும்" என்ற வினையையும் சேர்த்தே உருவாகின்றன. "துவேயோ" என்றால் "ஆகும்". "அன் துவேயோ" என்றால் "ஆகாது". முன்னால் வரும் நிபந்தனைகள் மூன்று: "போனால்", "போனாலும்", "போனால்தான்". இந்த மூன்றும் தமிழரின் நாவில் ஏற்கெனவே இருப்பவைதாம்.

"கம்யொன் துவேயோ": போனால் ஆகும். அதாவது, போனால் போதும்.
"கம்யொன் அன் துவேயோ": போனால் ஆகாது. அதாவது, போகக் கூடாது.
"கதோ துவேயோ": போனாலும் ஆகும். அதாவது, போகலாம்.
"அன் கதோ துவேயோ": போகாவிட்டாலும் ஆகும். அதாவது, போகத் தேவையில்லை.
"கயா துவேயோ": போனால்தான் ஆகும். அதாவது, போக வேண்டும்.
"கஜி அனும்யொன் அன் துவேயோ": போகாவிட்டால் ஆகாது. அதாவது, கட்டாயம் போக வேண்டும்.

ஆங்கிலத்தின் வழியாக இவற்றைக் கற்பவர் ஆறு சூத்திரங்களாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. தமிழ் வழியாகப் பார்ப்பவருக்கு மூன்று உருபுகளும் ஒரு வினையும் போதும். இரண்டு மொழிகளிலும் வினை வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது என்பது கூடுதல் வசதி.

"கயா ஹேயோ", "கயா துவேயோ" இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பெரும்பாலான இடங்களில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வரலாம். பேச்சில் "துவேயோ" மிகுதி. கட்டுரையிலும் அறிவிப்பிலும் "ஹேயா ஹந்தா", "ஹேயா ஹம்நிதா" போன்ற வடிவங்களே பொருத்தமானவை.

"வேண்டாம்" என்ற கண்ணி

"வேண்டும்" குழப்புவதைவிட "வேண்டாம்" அதிகம் குழப்பும். தமிழில் "நீங்கள் வர வேண்டாம்" என்பது அன்பாகவும் இருக்கலாம், தடையாகவும் இருக்கலாம். விமான நிலையத்துக்கு வழியனுப்ப வருவதாகச் சொல்லும் கொரிய நண்பரின் தாயாரிடம், "சிரமப்பட வேண்டாம், அம்மா" என்ற எண்ணத்தில் அந்த மாணவர் "ஒஜி மஸேயோ" என்று சொன்னால், "வராதீர்கள்" என்ற விலக்காகவே அது அவர் காதில் விழும். சொல்ல வேண்டியது "அன் ஒஷோதோ துவேயோ", அதாவது "நீங்கள் வராவிட்டாலும் பரவாயில்லை" என்பதாகும். எதிர்மறையை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் மரியாதை இருக்கிறது.

சொல்ல வேண்டியிருந்ததா, சொல்லியிருக்க வேண்டுமா?

இறந்தகாலத்தில் தமிழ் மாணவருக்கு மீண்டும் ஒரு வசதி கிடைக்கிறது. "மல்ஹேயா ஹேஸ்ஸொயோ" என்றால் "சொல்ல வேண்டியிருந்தது". ஒரு கட்டாயம் அப்போது இருந்தது. "மல்ஹேஸ்ஸொயா ஹேஸ்ஸொயோ" என்றால் "சொல்லியிருக்க வேண்டும்". சொல்லவில்லை, இப்போது வருத்தம். கேட்கும்போது ஓர் அசைதான் கூடுகிறது. தமிழிலும் "இருந்தது" கடைசியில் வருகிறதா, "இருக்க" நடுவில் வருகிறதா என்பதே வேறுபாடு. மன்னிப்புக் கேட்கும்போது இரண்டாவதே தேவை. முதலாவதைச் சொன்னால், தவற்றை ஒப்புக்கொண்டதாக ஆகாது.

வரம்பு கட்டும் இரண்டு சொற்கள்

"மட்டும்" என்பதற்குக் கொரியத்தில் "மன்", "பக்கே" என்று இரண்டு உண்டு. "மன்" எங்கும் பொருந்தும். கடையில் "சொன் வொன்-மன் ஜுஸேயோ" என்றால் "ஆயிரம் வொன் மட்டும் கொடுங்கள்". "பக்கே" அப்படியல்ல. "பக்" என்றால் வெளிப்புறம். "ஏ" இடத்தைக் காட்டும் உருபு. ஆகவே "சொன் வொன்-பக்கே ஒப்ஸொயோ" என்றால், "ஆயிரம் வொன்னுக்கு வெளியே எதுவும் இல்லை". அதாவது, "ஆயிரம் வொன் தவிர வேறில்லை".

இதிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. ஒன்று, "பக்கே" வந்தால் பின்னால் "இல்லை", "தெரியாது", "முடியாது" போன்ற எதிர்மறை வந்தே ஆக வேண்டும். இரண்டு, அதன் பின் கட்டளை வராது. அதனால் "ஆயிரம் மட்டும் கொடுங்கள்" என்பதற்கு "பக்கே" உதவாது. உணர்விலும் வேறுபாடு உண்டு. "மன்" கணக்கைச் சொல்லும். "பக்கே" போதவில்லையே என்ற குறையையும் சேர்த்துச் சொல்லும்.

எழுதும்போது "பக்கே" முன்சொல்லோடு ஒட்டியே வர வேண்டும். பிரித்து எழுதினால் "வெளியே" என்ற பழைய பொருளுக்கே திரும்பிவிடும். தேர்வில் இந்த இடைவெளி கவனிக்கப்படும்.

வேறு வழியில்லை

கட்டாயமும் வரம்பும் சந்திக்கும் இடம் "ஸுபக்கே ஒப்ஸொயோ". "ஸு" என்றால் வழி, வகை. "கல் ஸுபக்கே ஒப்ஸொயோ" என்பதைப் பிரித்தால், "போகும் வழிக்கு வெளியே ஒன்றுமில்லை" என்று வரும். "போவதைத் தவிர வேறு வழியில்லை" என்று தமிழர் நாள்தோறும் சொல்வதும் இதைத்தான்.

ஆனால் இது "என் கையில் எதுவும் இல்லை, சூழ்நிலைதான் காரணம்" என்று அறிவிக்கும் சொல். விமானம் ரத்தானதால் தாமதமாக வந்தவர் "நுஜுல் ஸுபக்கே ஒப்ஸொஸ்ஸொயோ" என்று சொல்லலாம். தூங்கிவிட்டுத் தாமதமாக வந்தவர் அதையே சொன்னால், பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகவே கேட்பவர் நினைப்பார். முதலில் மன்னிப்பு, பிறகு காரணம், தேவையானால் மட்டும் இந்தச் சொல் என்ற வரிசை நல்லது.

இயல்பான விளைவைக் காட்டவும் இதே வடிவம் வரும். "பிஸ்ஸல் ஸுபக்கே ஒப்ஸொயோ" என்றால், "விலை கூடுதலாகத்தான் இருக்கும், வேறெப்படி இருக்கும்?" என்று பொருள். இதற்கு அருகில் இன்னொரு வடிவமும் உண்டு. "உட்ஜி அனுல் ஸு ஒப்ஸொஸ்ஸொயோ" என்றால் "சிரிக்காமல் இருக்க முடியவில்லை". வழி அடைபட்டதால் செய்வதற்கு முதல் வடிவம் ஏற்றது. மனத்தை அடக்க முடியாமல் செய்வதற்கு இரண்டாவது ஏற்றது.

இரண்டும் சேர்ந்த மூன்று வாக்கியங்கள்

மருத்துவர் சொல்வது: "யகுல் மொகொயா நாயோ." மருந்து சாப்பிட்டால்தான் குணமாகும். "ஆல்தான்" அப்படியே வந்துவிட்டது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தமிழில் "பசித்தால்தான் சாப்பிடு" என்று கட்டளையிடலாம். கொரியத்தில் இந்த உருபுக்குப் பின் கட்டளை வராது. அங்கே "பசிக்கும்போது மட்டும்" என்று மாற்றிச் சொல்ல வேண்டும்.

அலுவலக முகப்பில் சொல்வது: "இரும்மன் ஸும்யொன் துவேயோ." பெயரை மட்டும் எழுதினால் போதும். முதல் "ஆல்" வடிவமும் "மன்" என்பதும் இங்கே கைகோத்து நிற்கின்றன.

மூன்றாவது, பணிவைக் காட்டுவது: "ஹேயா ஹல் இருல் ஹேஸ்ஸுல் புனியேயோ." செய்ய வேண்டியதைச் செய்தேன், அவ்வளவுதான். "புன்" என்பது "இதற்கு மேல் ஒன்றுமில்லை" என்று கோடு போடும் சொல். ஒரே வாக்கியத்தில் கடமையும் இருக்கிறது, அதன் எல்லையும் இருக்கிறது.

தேர்வும் பயிற்சியும்

"டோபிக்" எனப்படும் கொரிய மொழித் திறன் தேர்வில் 3 முதல் 6 வரையுள்ள நிலைகளுக்கு ஒரே தாள்தான். கேட்டல், எழுதுதல், படித்தல் மூன்றுக்கும் சேர்த்து 300 புள்ளிகள். அதில் 150 எடுத்தால் 4ஆம் நிலை, 190 எடுத்தால் 5ஆம் நிலை. எழுத்துப் பகுதியில் இரண்டு கேள்விகள் வாக்கியத்தை நிறைவு செய்யச் சொல்பவை. ஒரு பத்தியின் முடிவு "செய்ய வேண்டும்" என்று செல்கிறதா, "வேறு வழியில்லை" என்று செல்கிறதா என்பதை அங்கே உணர்ந்து எழுத வேண்டும். 600 முதல் 700 எழுத்துகளில் எழுதும் கட்டுரையிலும் இவை கைகொடுக்கும். ஒவ்வொரு வாக்கியத்தையும் "ஹேயா ஹந்தா" என்றே முடித்தால், படிப்பவருக்கு உத்தரவுப் பட்டியல் போலத் தோன்றும்.

பயிற்சிக்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரு நாளில் தமிழில் சொல்லும் "வேண்டும்", "வேண்டாம்" வாக்கியங்களில் பத்தைக் குறித்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் ஆசையா, தேவையா, கட்டாயமா, வேறு வழியின்மையா என்று பிரித்த பிறகு கொரியத்தில் எழுதலாம். சொல்லைத் தேடுவதற்கு முன் பொருளைத் தீர்மானிக்கும் பழக்கம் இதனால் வரும்.

அந்த மாணவருக்கும் விடுப்பு கிடைத்திருக்கும். தாயாரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, தவறிய பாடக் குறிப்புகளை வகுப்புத் தோழர் ஒருவர் எடுத்து வைத்திருப்பார். நன்றி சொன்னால், அவர் தலையைத் தாழ்த்தி அந்த மூன்றாவது வாக்கியத்தைத்தான் சொல்வார். அதை மொழிபெயர்க்காமலேயே புரிந்துகொள்ளும் நாளில், கொரியம் பாடப் புத்தகத்திலிருந்து வாழ்க்கைக்கு வந்துவிட்டது எனலாம்.